போட்டோக் கடையில் இருந்த எட்டாவது நாற்காலி

அந்த நாற்காலியின் அடிப்பக்கத்தைத் தடவினால் உள்ளங்கை முழுக்க நமைச்சல் எடுக்கும். மேல்பக்கம் கழுவிக் கவிழ்த்த பீங்கான் கிண்ணம் போல வழவழப்பாக இருக்கும். கையைக் கொஞ்சம் கீழே விட்டால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் தோலில் ஏறி, எத்தனை தேங்காயெண்ணெய் தேய்த்தாலும் இரண்டு நாளைக்கு அரித்துக்கொண்டே இருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் மஞ்சளுக்குள்ளும் ஆரஞ்சுக்குள்ளும் மெல்லிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது தெரியும். அதனால் எங்கள் தெருவில் அதற்கு "முடி நாற்காலி" என்று பெயர். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அச்சில் அழுத்தி அதைச் செய்கிறார்கள் என்பதெல்லாம் பின்னால் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டது. பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்படிப்பட்ட நாற்காலி புதுச்சேரியில் மொத்தம் எட்டு இருக்கிறது, எட்டும் எங்களுக்கு வேண்டும்.

எங்களுக்கு என்றால் எனக்கும் லூயிக்கும். லூயி எதிர்வீட்டுப் பையன், என் வகுப்பு. அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்படி வந்தவர்களை ஊரில் "சொல்தா" என்பார்கள். எனக்கு அவர் சொல்தா மாமா. என் அப்பா கடற்கரைப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு என்ஜினியர் வீட்டுக் "குசினி"யில் சமையல்காரர். அந்த முசே, அதாவது துரை, ஊரைவிட்டுக் கிளம்பியபோது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். தேக்குக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடித்துக்கொண்ட கூட்டம் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த எட்டு முடி நாற்காலிகளையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் ஆளுக்கொன்றாக எடுத்துப்போனார்கள். அப்பா அந்த வீட்டில் பரிமாறும்போது நான் குசினிக் கதவருகே நின்று, எட்டு நிறங்களில் எட்டு நாற்காலிகள் அந்த மேசையைச் சுற்றி இருந்ததைப் பார்த்தவன். அவற்றை மறுபடி ஒன்றாகச் சேர்க்கவேண்டும் என்று லூயியிடம் சொன்னது நான்தான்.

அந்தக் கோடை விடுமுறை முழுவதும் ஊரைச் சல்லடை போட்டோம். தையல்கடையில் ஒன்று, டிஸ்பென்சரி வராந்தாவில் ஒன்று, பெரிய மார்க்கெட்டில் பூக்காரம்மா கூடை வைக்கும் இடத்தில் கால் இல்லாமல் ஒன்று. முடிவெட்டும் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எடுத்துட்டுப் போங்கடா சாமி. இதுல உக்கார வெச்சா ஆளு வழுக்கிக்கிட்டு என் கத்திக்கு நேரா வர்றான். பதிலுக்கு ஒரு முக்காலி குடுத்துட்டுப் போங்க, அது போதும்."

முக்காலி லூயி வீட்டிலிருந்து போனது. என் வீட்டிலிருந்து ஒரு பெஞ்சு போய், அதற்காக அம்மாவிடம் உதை வாங்கினேன். விடுமுறை முடிவதற்குள் ஏழு சேர்ந்துவிட்டன. லூயி வீட்டுப் பின்னறையில் வட்டமாகப் போட்டோம். அவனுக்குப் பத்து வயதில் தெரேஸ் என்று ஒரு தங்கை. விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கும் பெண். எங்கள் நாற்காலிகளைத் துடைத்து வைக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். "ஏழு பேரும் குளிச்சாச்சு" என்று தினம் வந்து அறிக்கை கொடுப்பாள். "இந்தப் புள்ள வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போடணும்" என்பார் சொல்தா மாமா. அவர் சொன்னது வேடிக்கையாகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

எட்டாவது நாற்காலி ஒரு போட்டோக் கடையில் இருந்தது. நீல நிறம். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே லூயி நழுவினான். "அங்க வேணாம்டா, அந்த ஆளு குடுக்கமாட்டாரு." ஏன் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனை அசத்தவேண்டும் என்று ஒரு நாள் நான் மட்டும் போனேன். போட்டோக்காரர் சிரித்தார்.

"அதக் குடுத்துட்டா நான் யார எதுல உக்கார வெக்கிறது? பாஸ்போர்ட் போட்டோவுக்கு இதான் தோதா இருக்குது. உன் கூட்டாளி வீட்டுல எல்லாருமே போன மாசம் இதுல உக்காந்துதான எடுத்தாங்க? பிரான்சுக்குப் போறவனுக்கு நாற்காலி எதுக்குடா?"

வீடு வரை நடந்தது நினைவில்லை. அந்தக் காலத்தில் பிரான்சுக்குப் போகிற குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. காகிதம் கைக்கு வந்து பயணத்தேதி நெருங்கும்வரை வெளியில் மூச்சு விடமாட்டார்கள். கண் படும் என்பார்கள்; கண்ணைவிட, சொத்தில் பங்கு கேட்டு வரும் சொந்தங்களை நினைத்துத்தான் பயம். பிள்ளைகளை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்குவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் அப்படித்தான் போயின. ஆனால் லூயி என்னிடமும் சொல்லமாட்டான் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கோடை முழுவதும் என்னோடு நாற்காலி தூக்கியவன், எல்லாவற்றையும் விட்டுப் போகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே தூக்கினான். அவன் என்னை முட்டாளாக்கிவிட்டான் என்று நெஞ்சு எரிந்தது. அவன் செய்த சத்தியத்தைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பழைய சாமான் கடைக்காரரிடம் போனேன். எதிர்வீட்டில் எல்லாரும் பிரான்சுக்குப் போகிறார்கள், சாமான்களை விற்பார்கள், மற்றதெல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஏழு முடி நாற்காலிகளை மட்டும் எனக்கு வாங்கி வையுங்கள் என்றேன். கோபம் பாதி, ஆசை பாதி. இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் அன்று மாலையே வண்டியோடு வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "என்ன சொல்தா, குடும்பத்தோட கெளம்புறீங்களாமே, அலமாரிக்கு என்ன வெல?" என்றார். சொல்தா மாமாவின் முகம் வெளுத்துப்போனது. யார் சொன்னது என்று கேட்டார். "ஒரு சின்னப்புள்ள சொல்லிச்சு, பேரெல்லாம் யாருக்கு ஞாபகம்?" என்று அந்த மனிதர் கையை விரித்தார். எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சின்னப்பிள்ளை என்றதும் அந்த வீட்டில் யாரைத் தேடுவார்கள்? சொல்தா மாமா தெரேஸை முடியைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார். "நான் சொல்லலப்பா, மாதா மேல சத்தியமா நான் சொல்லல" என்று அவள் கத்தினாள். "மாதா மேல போன தடவையும் சத்தியம் பண்ணியே" என்று அறைந்தார். லூயி வாசற்படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். நான் நான்கே எட்டு எடுத்து வைத்தால் தெருவைக் கடந்திருக்கலாம்.

இரண்டு நாளில் செய்தி எட்டி, சொல்தா மாமாவின் அண்ணன் அரியாங்குப்பத்திலிருந்து ஆட்களோடு வந்தார். வீடு அவர்கள் அப்பா பெயரில் இருந்தது. தம்பி சத்தமில்லாமல் விற்றுவிட்டுப் போகப் பார்த்தான் என்று சண்டை. பேச்சு முற்றி, சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். வீடு கையைவிட்டுப் போனது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் தெரேஸுக்கு "வீட்டத் தின்னவ" என்று பெயர். அவள் அம்மாவே அப்படித்தான் கூப்பிட்டார். அதன்பின் அந்தப் பெண் பேசி நான் கேட்கவில்லை.

பிரான்சுக்குப் போக அவர்கள் பம்பாய்க்கு ரயிலேறிய அன்று காலையில் ஒரு தள்ளுவண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அதில் ஏழு நாற்காலிகளும் இருந்தன. கூடவே நீல நிறத்தில் எட்டாவதும் இருந்தது. லூயி தன் சைக்கிளைப் போட்டோக்காரரிடம் கொடுத்து அதை வாங்கியிருந்தான்.

"எல்லாம் உனக்குத்தான்டா. ஆரம்பத்துலேருந்தே உனக்குன்னுதான் சேத்தேன். பிரிச்சிடாத" என்றான். பிறகு, தங்கை இருந்த பக்கம் பார்க்காமல், "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. நான் காப்பாத்தினேன், இவ காப்பாத்தல" என்றான். தெரேஸ் வண்டிச் சக்கரத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாற்காலிகளை இறக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்தேன்.

அந்த நாற்காலிகளில் நான் உட்காரவேயில்லை. வேலைக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். பிரிக்காதே என்று சொன்ன பொருளைப் பிரித்தேன். இப்போது சென்னையிலிருந்து ஆட்கள் அந்தக் காலத்து "மிட் செஞ்சுரி" நாற்காலி இருக்கிறதா என்று வீடுவீடாகக் கேட்டு வருகிறார்கள். கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் அதேபோன்ற ஒன்றைச் சுவரில் மாட்டி, தொடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். லூயி வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி விருந்தினர் விடுதி.

பதினைந்து வருடத்துக்கு முன் யாரிடமோ என் எண்ணைக் கேட்டுப் பிடித்து லூயி பிரான்சிலிருந்து கூப்பிட்டான். அதிலிருந்து ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குப் பேசுவான். மனைவி போனபின் எனக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நாள் மாதிரி இருந்தது. தங்கையைப் பற்றிக் கேட்டால், "அவ வேற ஊர்ல இருக்கா, பேச்சில்ல" என்பான். நான் மேலே கேட்கமாட்டேன்.

சென்ற ஆண்டு எனக்கு நெஞ்சில் கம்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தெரேஸின் எண்ணைத் தேடி வாங்கிக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். அன்று கடைக்காரரிடம் போனது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்ண்ணே," என்றாள். அதே புதுச்சேரித் தமிழ், குரல் மட்டும் கிழவியுடையது. "அந்தக் கடைவாசல்ல நீங்க நின்னத நான் பாத்தேன். பூ வாங்க வந்திருந்தேன்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? நீங்களே வந்து சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். வண்டி கெளம்புற வரைக்கும் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மன்னித்துவிடு என்றேன். "எனக்கு சொல்லி என்னண்ணே ஆவப்போவுது? அவன்கிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். லூயி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டான். அதன்பின் அவன் கூப்பிடவில்லை. நான்கு மணிக்குத் தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு உட்காரும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. போன மாதம் தெரேஸ் இரண்டு வரி அனுப்பியிருந்தாள். அண்ணன் இப்போது ஞாயிறு மதியம், இங்கே நான்கு மணி ஆகும் நேரத்தில், அவளைக் கூப்பிடுகிறானாம். அவன் பேசுவதில்லையாம், அவளைப் பேசச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறானாம்.