அருங்காட்சியகத்தில் முதல் சோறு

வில்லியனூரிலிருந்து நாங்கள் புறப்பட்ட அன்று என் மாமியார் அழவில்லை. நான்கு மாதக் குழந்தையைத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

“மொத சோறு சாமி முன்னாடிதான் ஊட்டணும். கல்லு சாமி. காலண்டர் படத்த மாட்டி வச்சு ஊட்டிட்டு, சாமி முன்னாடி ஊட்டினேன்னு எழுதாத. பொண்ணுக்கு ஒத்தப்பட மாசம். அஞ்சு, இல்ல ஏழு. கேட்டுதா?”

“சரிங்க அத்தை” என்றேன். எனக்கு எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித்தான் பழக்கம். சொன்ன பிறகுதான் பயம் வரும்.

இந்தோனேசியாவில் புதிதாகத் திறந்த ஒரு நூல் மில்லுக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்கள். புதுச்சேரியில் மில் ஃபிட்டராக இருந்த என் கணவருக்கு அந்த வேலை கிடைத்தது. மெட்ராஸில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் மாறி, ஜகார்த்தாவில் இறங்கி, வேனில் வெகுதூரம் போனால் எங்கள் குவார்ட்டர்ஸ். பாகூர் ஏரிப் பாசன வயல்களைப் பெயர்த்தெடுத்து மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கி வைத்தது போன்ற ஊர். அதே பச்சை, அதே சேற்று வாசனை. கோயில்தான் இல்லை. மசூதி இருந்தது, தள்ளிப் போனால் சின்னதாக ஒரு சர்ச் இருந்தது. கல் சாமி எங்குமே இல்லை.

ஐந்தாம் மாதம் சாமான் பிரிப்பதிலும் குழந்தையின் சளியிலும் போய்விட்டது. ஏழாம் மாதம் வந்தபோது பாப்பா என் தட்டையே பார்க்கத் தொடங்கினாள். என் கை வாய்க்குப் போகும்போதெல்லாம் அவள் வாயும் திறந்து மூடும். சாதம் ஆரம்பிக்கலாம் என்று மில் டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மாதம் தவறினால் ஒன்பதாம் மாதம் வரை அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட வேண்டும். படத்தின் முன்னால் ஊட்டிவிடலாமா என்று பகலில் நினைப்பேன். மாலைக்குள் அது தப்பு என்று தோன்றிவிடும். அவளுக்குச் சின்னதாக வயிறு வலித்தாலும் அதனால்தான் என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அப்படியிருக்கும்போது, உதிரிபாகம் வாங்க ஜகார்த்தா போயிருந்த என் கணவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார்.

“இந்தா பாரு, புள்ளையாரப் பாத்துட்டேன்.”

“எங்க?”

“மியூசியத்துல. வெள்ளக்காரன் கட்டின பெரிய வூடு. வாசல்ல ஒரு யானை நிக்குது, வெண்கலத்துல. இன்னாடா யானைன்னு உள்ள போனா, ஒருத்தரு இல்ல, ஏழெட்டுப் புள்ளையாரு ஒக்காந்துனு இருக்காங்க. அத்தினியும் கல்லு.”

“மியூசியத்துல இருக்கறது சாமியாங்க?”

“கல்லுதான கேட்டாங்க எங்கம்மா? பூசை நடக்குதான்னா கேட்டாங்க?”

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயம் பாதி, சந்தோஷம் பாதி. மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் ‘தொடாதே’ என்ற பலகையும்தான். அங்கே சோறு ஊட்டினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ? ஆனால் காலண்டரை விட அது நிச்சயம் மேல்.

மாதம் முடிவதற்குள் வந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே பொங்கல் வைத்தேன். அந்த ஊரில் பச்சரிசி சரியாகக் குழையாது. அதனால் அந்த ஊர்க்காரர்கள் பலகாரத்துக்கு வாங்கும் ஒட்டரிசியில், தென்னைவெல்லம் போட்டு, டின் வெண்ணெயை உருக்கி ஊற்றினேன். ஏலக்காய் மட்டும் வில்லியனூரில் இருந்து வந்தது. எங்கள் அம்மா வீட்டில் போட்ட வெள்ளிக் கிண்ணத்தில் அடைத்து, மேலே துணி கட்டி, மடியிலேயே வைத்துக்கொண்டேன். மியூசியம் மதியத்துக்கு மேல் மூடிவிடும் என்று கணவர் சொல்லியிருந்தார். அதனால் வழியெல்லாம் சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மில் வேன் டிரைவரிடம் “மியூசியம்” என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவர் எங்களை ஒரு பெரிய கல் பாவிய சதுக்கத்தில் இறக்கிவிட்டு, பார்ட்ஸ் வாங்கப் போய்விட்டார். எதிரே வெள்ளைச் சுவர், பச்சை மரக் கதவுகள் வரிசையாக வைத்த ஜன்னல்கள், உச்சியில் ஒரு சின்னக் கூண்டு கோபுரம். பார்த்ததும் புதுச்சேரி டவுனில் நான் படித்த கான்வென்ட் பக்கத்துத் தெரு ஞாபகம் வந்தது. அங்கே பிரெஞ்சுக்காரன், இங்கே டச்சுக்காரன். கட்டுகிற கை ஒன்றுதானோ என்று நினைத்தேன்.

“யானை எங்கங்க?”

அவர் சுற்றிப் பார்த்தார். “அதான் நானும் பாக்குறேன்.”

உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்றார். ஒருகாலத்தில் டச்சுக்காரர்களின் நகர மண்டபமாம். கால் வைத்தால் கிறீச்சிடும் அகலப் பலகைத் தரை, இரண்டு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத கறுப்பு அலமாரிகள், வெள்ளைக் காலர் வைத்த துரைமார்களின் ஓவியங்கள். வேறு நாளாக இருந்தால் அந்த மர வேலைப்பாடுகளை விட்டு நான் அசைந்திருக்க மாட்டேன். அன்றைக்கும் ஒரு அலமாரிக் கதவின் செதுக்கலைப் பார்த்து நின்றுவிட்டேன். பிறகு கையில் பொங்கல் ஆறுவது நினைவுக்கு வந்தது. தரைக்குக் கீழே பழைய சிறை அறைகள் இருக்கின்றன என்று கணவர் இறங்கிப் பார்த்து வந்தார்.

“குனிஞ்சுதான் நிக்க முடியும். பெரிய பெரிய கல்லு குண்டு கெடக்குது. கைதி கால்ல கட்டுவாங்களாம்.”

“ஏங்க, பாப்பாவுக்கு மொத சோறு. ஜெயிலையா காட்ட வந்தோம்?”

“சரி சரி, கத்தாத. வா.”

டிரைவர் இறக்கிவிட்டது வேறு மியூசியம் என்று புரிந்து, மூன்று சக்கர வண்டி ஒன்றைப் பிடித்தோம். ஓட்டியவரிடம் என் கணவர் பேச்சை நம்பாமல், தன் முகத்துக்கு முன்னால் கையைத் தும்பிக்கை போல் ஆட்டிக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

யானை உண்மையாகவே நின்றது. சின்ன யானைதான், உயரமான பீடத்தில். அதற்குப் பின்னால் வெள்ளைத் தூண்கள் வரிசையாக நின்ற கட்டிடம். அந்தத் தூண்களையும் படிகளையும் பார்த்ததும், யோசிக்காமலே செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டேன். என் கணவரும் கழற்றினார். டிக்கெட் கொடுப்பவர் எட்டி எங்கள் கால்களைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று உள்ளே போனோம்.

உள்ளே நடுவில் புல் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம். அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கல் சிலைகள். நந்தி இருந்தது. தாடி வைத்த முனிவர் இருந்தார். எருமைமேல் நிற்கும் துர்க்கை இருந்தாள். மூன்று மாதமாக யாரையும் தெரியாத ஊரில் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. எல்லாரும் தெரிந்தவர்கள். யார்மீதும் எண்ணெய் இல்லை, பூ இல்லை. கழுத்து வெறுமையாக, கீழே ஒரு எண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளையார் நம் ஊர்ப் பிள்ளையார் போல ஒரு காலை மடித்து உட்காரவில்லை. இரண்டு உள்ளங்கால்களையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, கைக்குழந்தை உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். பாப்பா அப்படியேதான் உட்காருவாள். தும்பிக்கையைக் கையிலிருந்த கிண்ணத்தில் விட்டு எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, அவரும் சாப்பிட்டுனுதான் இருக்காரு” என்றார் கணவர்.

அப்போதுதான் பீடத்தைப் பார்த்தேன். சுற்றி வரிசையாக மண்டையோடுகள்.

“இங்க வேணாங்க.”

“கல்லுல செதுக்கினதுடி.”

“வேணாம்.”

அடுத்தவர் பீடத்தில் மண்டையோடு இல்லை. அவர் போதும் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கம் குழந்தையை முதலில் சாமி காலடியில் கிடத்தி எடுப்பார்கள். பீடத்தைத் தொடுவது தப்போ என்று யோசித்து, அதன் முன்னால் தரையில், சில்லென்ற அந்தக் கல் தரையிலேயே, பாப்பாவைக் கிடத்தினேன்.

யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

காக்கிச் சட்டையும் கறுப்புத் தொப்பியும் போட்ட காவலாளி. நடுவயது. வந்த வேகத்தில் குனிந்து, என்னைக் கேட்காமலே பாப்பாவைத் தரையிலிருந்து தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. பொங்கல் கிண்ணத்தை முந்தானையில் மறைத்தேன்.

“தப்பு பண்ணிட்டோம்னு சொல்லுங்க. போயிடறோம்னு சொல்லுங்க.”

என் கணவர் தன் அரைகுறை பாஷையில் பேசினார். காவலாளி திருப்பிப் பேசினார். பாப்பாவின் பாதங்களைத் துடைத்துத் துடைத்துக் காட்டினார். கணவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“சிலைக்காக ஓடியாரல. கொழந்தை தரையில பட்டுடுச்சேன்னு ஓடியாந்திருக்காரு. இவங்க ஊர்ல ஏழாம் மாசம் வரைக்கும் புள்ள கால மண்ணுல படவிட மாட்டாங்களாம். அதுக்குன்னு ஒரு சடங்கு பண்ணித்தான் எறக்குவாங்களாம். நீ அம்மாவா இன்னான்னு கேக்குறாரு.”

நான் மறைத்த கிண்ணத்தை வெளியே எடுத்தேன். எனக்கே தெரியாமல் தமிழிலேயே அவரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இது ஏழாம் மாதம், முதல் சோறு, சாமி முன்னால், மாமியார் சொல். கணவர் நடுநடுவே மொழிபெயர்த்தார். காவலாளி கிண்ணத்தின் துணியைத் தூக்கி முகர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார். உள்ளே சாப்பாடு கூடாது. எறும்பு வரும், எலி வரும், அவர் வேலை போகும். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பிறகு அவர் பாப்பாவைத் தோளிலிருந்து இறக்காமலே, வாருங்கள் என்று முன்னால் நடந்தார்.

கட்டிடத்தின் பின்புறத் தாழ்வாரம். வேலைக்காரர்கள் சாப்பிடும் இடம் போலும். கூஜாவும் நாலு தட்டும் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அங்கே மரத்தடியில், எண் எதுவும் போடாத ஒரு சின்னப் பிள்ளையார், தும்பிக்கை பாதியில் உடைந்து, பாசி பிடித்து உட்கார்ந்திருந்தார்.

“பின்னமான சிலைங்க” என்றேன் மெதுவாக. உடைந்த சிலையைக் கும்பிடக் கூடாது என்பார்கள்.

“உள்ள மண்டையோடு, வெளிய மூக்கு இல்ல. நீ சொல்லு, எவரு வேணும்?”

மணி ஆகிக்கொண்டிருந்தது. பாப்பா கிண்ணத்தைப் பார்த்துவிட்டாள். வாய் திறந்து மூடியது.

“இவரே போதும்” என்றேன்.

காவலாளி தோட்டத்திலிருந்து ஒரு வாழையிலையைக் கிள்ளி வந்து விரித்தார். பொங்கலை நான் இலையில் வைத்ததும், அவர் முகம் மலர்ந்து, பாப்பாவைத் தூக்கி அவள் பாதத்தை நேராகப் பொங்கலின்மேல் இறக்கப் போனார். நான் அலறிக்கொண்டு கையால் தடுத்தேன்.

“இவங்க சடங்குல கொழந்தை ஒட்டரிசிமேலதான் மொத கால் வைக்குமாம்” என்றார் கணவர். “நீ அதையே செஞ்சு எடுத்துனு வந்திருக்கேன்னு நெனச்சுட்டாரு.”

“சோத்த மிதிக்கிறதா? சோறுங்க அது. சொல்லுங்க அவருகிட்ட.”

அவர் சொன்னார். காவலாளி என்னை வியப்போடு பார்த்தார். சோற்றை மிதிக்காமல் ஒரு பிள்ளை எப்படி நடக்கத் தொடங்கும் என்று அவருக்கு; சோற்றை மிதித்த பிள்ளை எப்படி உருப்படும் என்று எனக்கு. கடைசியில் அவர் ஒப்புக்கொண்டு, புல்லோரம் வெறும் மண்ணில் பாப்பாவின் பாதங்களை மெல்லத் தொடவைத்து எடுத்தார். வாய்க்குள் பிஸ்மில்லா என்றார். பிறகு இலையின் பின்னால் சம்மணமிட்டு, மாமன் போலத் தன் மடியிலேயே அவளை உட்கார்த்திக்கொண்டார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். மன்னிச்சுக்கோ என்று சொன்னேனா, காப்பாத்து என்று சொன்னேனா, நினைவில்லை. மோதிர விரலால் ஒரு துளி எடுத்து பாப்பாவின் நாக்கில் வைத்தேன்.

அவள் முகத்தைச் சுளித்தாள். துப்பப் போகிறாள் என்று நினைத்தேன். விழுங்கினாள். அடுத்த நொடி என் விரலையே பிடித்து இழுத்தாள். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். சந்தோஷத்தில் இரண்டு காலையும் உதைத்தாள். உதைத்த வேகத்தில் வலது கால் இலையின் நடுவே, பொங்கலுக்குள், கணுக்கால்வரை இறங்கியது.

காவலாளி தலையை அண்ணாந்து சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நான் அந்தப் பாதத்தை முந்தானையால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு நானும் சிரித்திருக்க வேண்டும், கன்னம் வலித்தது ஞாபகம் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்து வில்லியனூர் திரும்பிய அன்றே மாமியார் கேட்டார். உடைந்த பிள்ளையாரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று விமானத்தில் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். முந்திக்கொண்டு என் கணவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், கால் பட்டது உட்பட.

பாப்பா வீடெங்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

“மூக்கு ஒடஞ்சு, கொல்லப்பக்கம் கெடந்தாரா?”

“ஆமாங்க அத்தை.”

“பூசை இல்ல?”

“இல்லைங்க.”

“பாவம். எத்தினி வருசமா யாரும் சோறு காட்டலியோ” என்றார். பிறகு ஓடிவந்த பாப்பாவைப் பிடித்து நிறுத்தி, அந்த வலது காலைத் தூக்கிப் பார்த்தார். “நல்லாத்தான் நடக்குறா.”