சிவப்புப் பேனையால் ஓர் அம்புக்குறி

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் நண்பன் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்தான். நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன், அவனோடு சண்டை பிடிக்க.

எதைப் பற்றிச் சண்டை என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பலிலிருந்து பறந்த விமானங்களில் எது திறம்? அவனுக்குக் கோர்செயர். எனக்கு ஹெல்கற். இரண்டு பேருமே விமானத்தில் கால் வைத்தவர்கள் இல்லை. சாமான் சுற்றுவதற்குக் கடைகளுக்கு வரும் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைக் கிளறிப் படம் பொறுக்குவோம். நண்பன் மணிக்கூடு பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு, அவற்றை ஒரு கொப்பியில் அப்படியே வரைவான்.

"ஒன்ட ஹெல்கற் பெருத்த எருமை மச்சான். இந்த எறக்கையப் பாரு, என்ன வடிவா வளஞ்சி நிக்கி!"

"வடிவு பார்த்துக் கலியாணமா முடிக்கப் போறாய்? அந்த எறக்கையிலதான் எண்ணெய ஆத்துற பெட்டி இரிக்கி. கீழ இருந்து ஒரு சூடு பட்டாப் போதும், விழுந்திரும்."

"போடா விசரா! விழாது."

ஒருநாள் கோபம் தாங்கவில்லை. பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற சிவப்புப் பேனையை எடுத்து, அவனுடைய அருமையான படத்தில் அம்புக்குறி போட்டு, "இங்கே சுட்டால் விழும்" என்று எழுதிவிட்டேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணி வாங்கித் தந்தான். தோல்வியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு காலம் கெட்டது. தலைக்கு மேல் ஆமியின் ஹெலிகள் சுற்றத் தொடங்கின. அப்போதும் அந்தக் கொப்பியை எரிக்க வேண்டும் என்று எங்கள் புத்திக்குப் படவில்லையே! எங்களுக்கு அது விளையாட்டுக் கொப்பி.

ஒரு பகல், ஆமிக்காரர்கள் கடைத்தெருவைச் சுற்றி வளைத்தார்கள். கடை மேசை லாச்சியை இழுத்துக் கொப்பியை எடுத்த அதிகாரி, அம்புக்குறி இருந்த பக்கத்தில் நின்றுவிட்டார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். யார் எழுதியது என்று கேட்டார்.

பேனை என் சட்டைப் பையில் இருந்தது. நண்பன் என் பையைப் பார்த்தான்.

"நான்தான் எழுதின சேர்" என்றான். "அதில சுட்டா விழும். உண்மைதான்."

ஐந்து வருடமாக ஒத்துக்கொள்ளாத மனிதன், அன்றைக்கு ஒத்துக்கொண்டான். அவனை லொறியில் ஏற்றினார்கள். நான் அப்படியே நின்றேன். வீட்டில் கலியாணம் ஆகாத குமர்ப்பிள்ளைகள் இரண்டு என்று பின்னால் எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பொய். வெறும் பயம்தான். அவன் திரும்பி வரவேயில்லை.

அவனைக் கொண்டுபோன இரண்டாம் கிழமை அவன் மனைவி வெள்ளைத் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். ஊரில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அவள் என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பாள்.

"காக்கா, அது பழைய காலத்துப் பிளேன், விளையாட்டுக்குக் கீறினது என்டு ஆமிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்களன். ஒங்கட எழுத்தென்டா மதிப்பாங்க."

என் எழுத்து. அந்தக் கொப்பியில் இருப்பதும் அதே எழுத்துத்தான்.

"கைக்குச் சுகமில்ல தங்கச்சி" என்றேன்.