ஞானாம்பாளின் சாமிப் படங்கள்

வாசற்படி ஏறியதுமே ஞானாம்பாளின் கண்கள் கூடத்துச் சுவரைத் தேடின. சுவர் இருந்தது. படம் ஒன்றுகூட இல்லை!

டைபாய்டு காய்ச்சலில் கடலூர் ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்து, அன்றுதான் சிதம்பரம் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். 

அந்தச் சுவர்களில் அல்லவா அவளுடைய வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது! இருபத்திரண்டு வயதில் தகப்பனாரைப் பறிகொடுத்தாள். கடலூர் கடலை எண்ணெய் ஆலை அவள் தலையில் விழுந்தது. "பொம்பளை மிரட்டினா செக்கு சுத்துமா?" என்று பங்காளிகள் சிரித்தார்கள். மறுநாளே ஆலைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், யுத்த காலத்தில் அதை இரண்டு ஆலையாக்கினாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புவனகிரியில் ஏழைப் பெண்களுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டினாள். மிச்சப் பணமெல்லாம் படங்களுக்குத்தான். ஏலத்துக்கு வந்த பங்களா, பாழடைந்த மடம் என்று அலைந்து, பழைய தஞ்சாவூர்ப் படங்களையும் கண்ணாடியில் தீட்டிய படங்களையும் சேர்த்தாள். தங்கரேக்கு உரிந்தது, கண்ணாடி விரிசல் விட்டது, முகம் மங்கியது எல்லாம் அவள் பெறாத பிள்ளைகள். தை பிறந்ததும் ஊரார் பார்க்க வைப்பதற்கென்று தெற்கு வீதியில் மண்டபம்கூடத் தயாராக இருந்தது.

"பட்டம்மா! படமெல்லாம் எங்கடி?"

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பட்டம்மாள் கஞ்சி டம்ளரோடு மலர்ந்த முகமாக வந்தாள். புவனகிரி ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்து, பிள்ளை பெற்றுப் பிழைத்தவள் அவள்.

"ஆத்துல வுட்டுட்டோம்மா."

"என்னது?"

"வெள்ளாத்துலதாம்மா. டாக்டரு கையை விரிச்சிட்டாருன்னாங்க. வெடிச்ச சாமிப் படம் வூட்டுல இருக்கலாமா? அதான் உங்க உசிரைப் பிடிச்சி ஆட்டுது. நம்ப ஆஸ்பத்திரில பெத்த பொம்பளைங்க அத்தினி பேரும் ஈரப்புடவையோட தலையில சுமந்துக்கிட்டுப் போனோம். ஐப்பசி வெள்ளம், ஒரே இழுப்பு! மறுநாளே உங்களுக்கு ஜொரம் வுட்டுப்போச்சே!"

"ஒண்ணுகூட மிச்சமில்லியா?"

"இருக்கே! வெடிக்காதது ஒண்ணு பத்திரமா வெச்சிருக்கேன்."

உள்ளே ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். பண்ருட்டி முந்திரி மண்டிக்காரர் இனாமாகக் கொடுத்த காலண்டர் லட்சுமி!

கூடவே காரில் வந்திருந்த ஆலை மேனேஜர் வைத்திலிங்கம் குதித்தார். "லட்ச ரூபா சொத்தும்மா! இந்தக் கழுதைங்களைச் சும்மா வுடறதா? இப்பவே போலீசுக்கு எழுதறேன். ஒருத்தி பாக்கியில்லாம உள்ள தள்ளணும்."

ஞானாம்பாள் வாயிலிருந்து என்ன வருமோ என்று பட்டம்மாள் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னன்னு எழுதுவீங்க, வைத்திலிங்கம்?" ஞானாம்பாளுக்கே அது தன் குரலாகப் படவில்லை. "என்னைக் காப்பாத்தறதுக்காகப் பண்ணாங்கன்னா?"

வைத்திலிங்கம் எடுத்த பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகினார்.

ஞானாம்பாள் வெறுஞ்சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

"எதைடி முதல்ல வுட்டீங்க?"

"தவழ்ற கிருஷ்ணரும்மா. கன்னத்துல கோடு வுட்டிருக்குமே, அவுரு. எங்ககூட வந்த ராமாமிர்தம் குடுக்க மாட்டேன்னு மாரோட அணைச்சிக்கிட்டா. பிடுங்கித்தான் வுட்டோம். எல்லாரும் ஓன்னு அழுதுட்டோம்மா."

கஞ்சியை நீட்டியபடியே நின்றாள் பட்டம்மாள். அதை வாங்கவும் ஞானாம்பாளுக்குக் கை எழவில்லை, தட்டிவிடவும் எழவில்லை.

"அப்புறம் எது?" என்று கேட்டாள்.