தங்கமணி டீச்சர் திறந்து பார்த்த பத்துக் கணினிகள்

பெருமாட்டியிலிருந்து தங்கமணி டீச்சரின் தம்பி அழைத்தபோது நான் வகுப்பில் இருந்தேன். "அக்கா காலைல தவறிட்டாங்க டீச்சர். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க" என்றார். பாடத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊரான பெருமாட்டிக்கு மாற்றலாகும்வரை, பள்ளிவாசல் என்ற மலையூருக்கு அருகே உள்ள எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் அவர்தான் கணினி ஆசிரியை. பேச்சைத் தொடங்கும் அவருடைய 'ஏனுங்க', அவரோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். ரேம் மாற்றிய கதையில் மட்டும் பாதிதான் தெரியும்.

ஆய்வகக் கணினிகள் பத்தும் ஆமை வேகத்தில் ஓடின; நினைவகமான ரேமைக் கூட்ட வேண்டியிருந்தது. பழைய மாணவர்கள் பணம் தந்து உதவினார்கள். தேனிக்குப் போன நான், 'நாலு ஜிபி ரேம் பத்து' என்று கேட்டு வாங்கி வந்தேன். முதல் கணினியைத் திறந்த டீச்சர், பழைய ரேமையும் புதியதையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், எந்த மதர்போர்டுன்னு கடைக்காரர் கேக்கலீங்களா?"

"ரேம்னா எல்லாம் ஒண்ணுதான? கொஞ்சம் அமுக்குனா போயிரும்."

"போகாதுங்க. நம்ம போர்டு டிடிஆர் த்ரீ, இது டிடிஆர் ஃபோர். வெட்டு எடம் மாறியிருக்குது பாருங்க. அமுக்குனா போர்டே போயிருமுங்க."

மறுநாள் கூட்டத்தில் தலைமையாசிரியர், "யார் வாங்கினது இத?" என்று சத்தம் போட்டார். எனக்குப் பணி நிரந்தரமாக வேண்டிய ஆண்டு அது. கையிலிருந்த குறிப்பேட்டைப் புரட்டினேன். தங்கமணி டீச்சர் எழுந்தார்.

"போர்டு வெவரத்த எழுதிக் குடுக்காதது என்ற தப்புங்க சார்."

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பொய் சொல்லலீங்களே. நீங்க கேக்கல, நானும் எழுதிக் குடுக்கல. ரெண்டு பேருமா போயி மாத்திட்டு வந்தரலாமுங்க."

ஒன்றைப் பார்த்தால் போதாதா என்றேன். "வெளிய ஒரே மாதிரிதானுங்க இருக்கும். உள்ள பாக்காம சொல்லக் கூடாது" என்று பத்தையும் திறந்தார். இரண்டில் வேறு போர்டு. அது, ரேம் செருகும் ஒரு ஸ்லாட்டுக்கு இரண்டு ஜிபிக்கு மேல் ஏற்காது. ஒவ்வொன்றின் போர்டு பெயர், ரேம் வகை, ஸ்லாட் எண்ணிக்கை எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டார். கடையில் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொரு ரேமாகச் சரிபார்த்து வாங்கினோம். திங்கட்கிழமை பத்துக் கணினிகளும் உயிர்பெற்றன.

அன்று மாலை தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "கூட்டம் முடிஞ்சு பில்லப் பாத்தேன், உங்க பேருதாம்மா இருந்துச்சு. அவங்க எந்திரிச்சு நின்ன பிறகு நான் என்னத்தக் கேக்க?" என்றார்.

கடந்த மாதம் புதிய ஆசிரியர் ஒருவர் வினாத்தாளைத் தப்பாக அச்சடித்துவிட்டார். யார் என்ற கேள்வி வந்தபோது, சரிபார்க்காமல் கையெழுத்திட்ட நானும் எழுந்து நின்றேன். தங்கமணி டீச்சரை அழைத்துச் சொன்னேன்.

"காலு நடுங்குச்சுங்களா?" என்றார்.

"ரொம்ப."

"எனக்கும் அன்னிக்கு நடுங்குச்சுங்க" என்று சிரித்தார்.

அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. நடுங்கினாலும் எழுந்து நிற்கலாம் என்பதை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.