ஷம்சாத் சொன்னால் போகிற கொரோலா

முன்சீட்டில் ஷம்சாத் பேகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பாலவனத்தத்தில் ஒரு போலீஸ்காரர் அவளிடம் லைசென்ஸ் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊர்க் கார்களில் டிரைவர் இருக்கும் வலதுபக்கத்தில்தான் அவள் இருந்தாள். ஸ்டீயரிங் இடதுபக்கத்தில், அவள் புருஷன் கையில் இருந்தது.

புருஷன் சகாபுதீன் அண்ணன், சவுதியில் தம்மாமில் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு 1986-இல் அருப்புக்கோட்டைக்குத் திரும்பியவர். அங்கே ஓட்டிய டொயோட்டா கொரோலாவையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். புது மாடல் வந்ததும் அங்கே யாரும் சீண்டாத பழைய மாடல். இங்கே அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஒரே தொல்லை, முன்னால் பருத்தி லோடு லாரி போனால், இடதுபக்கம் இருப்பவருக்கு எதிரே வருவது தெரியாது. வலதுபக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஷம்சாத் "பொறுங்க" என்பாள், "போங்க" என்பாள். அண்ணன் மறுபேச்சில்லாமல் கேட்பார்.

எதிர்வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியும், அது அவளுக்கு வெறும் சீட்டு இல்லை. அந்தப் பதினோரு வருஷமும் வீடு கட்டியது, பிள்ளையைப் படிக்க வைத்தது எல்லாம் அவள் முடிவு. அவர் வந்து இறங்கியதும் கத்தரிக்காய் வாங்குவதுகூட அவர் முடிவாகிவிட்டது. காருக்குள் மட்டும்தான் அவள் பேச்சு எடுபட்டது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொண்டாட்டி சொன்னாத்தான் சகாபுதீன் காரு போகுமாம்ல" என்று டீக்கடையில் சிரித்திருக்கிறார்கள். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மகள் ஆஃப்ரின் கல்யாணத்துக்குத் துணியெடுக்க விருதுநகர் கிளம்பிய அன்று, தங்கை புருஷன் சின்ன மீரானை முன்னால் ஏற்றிக்கொண்டு, "நீ பின்னாடி உக்காரு" என்றார். ஷம்சாத் வந்து, துணியெடுக்கக் கூடக் கிளம்பியிருந்த என் பக்கத்தில், வலது ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகம் செத்துப் போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஓசிக் காரில் போகிறவளுக்கு வாய் ஏது!

பாலவனத்தம் தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. சின்ன மீரானுக்கு ஓட்டத் தெரிந்தது சைக்கிள் மட்டும். எதிரே தூரத்தில் பஸ் வருவதைப் பார்த்தும், அதற்குள் தாண்டிவிடலாம் என்று நினைத்துவிட்டார். "போங்க மச்சான்!" என்றார். கார் பாதி வெளியே வந்துவிட்டது.

"பொறுங்க!" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள் ஷம்சாத்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. சட்டென்று பிரேக்கை மிதித்தார். கார் லாரிக்குப் பின்னால் ஒதுங்கவும் பஸ் உரசுகிற மாதிரிப் போகவும் சரியாக இருந்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

ஓரங்கட்டி நிறுத்தினார். சின்ன மீரானை இறக்கிவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"முன்னாடி வா ஷம்சாத்து. கண்டவன் பேச்சக் கேட்டு எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

அவள் அசையவில்லை. "வாரேன். ஆனா எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்கணும்."

சின்ன மீரான் சிரிக்கப் பார்த்தார். அண்ணன் அவரை முறைத்துவிட்டு, "சரி" என்றார்.

மூன்றே மாதத்தில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அப்புறம் அண்ணன் வலதுபக்கம் உட்கார்ந்துகொண்டு "போ" என்பார். அவள் உடனே போக மாட்டாள்.

"எதிர்ல என்ன வருது, எவ்வளவு தூரத்துல வருது? அத மட்டும் சொல்லுங்க. போறதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன்."