ஏவுகணைப் பீடமும் ஒரு சோற்று டப்பாவும்

ராயபுரம் பனைமரத்தொட்டியில் போய் ஃப்ளோரா வீடு எது என்று கேட்டால், எந்த ஃப்ளோரா என்று திருப்பிக் கேட்பார்கள். வெல்டர் ஃப்ளோரா என்று சொல்லிப் பாருங்கள். வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். விட்டுவிட்டுச் சும்மா போக மாட்டார்கள், அவள் எந்தெந்தக் கப்பலுக்கு என்னென்ன வெல்டிங் அடித்தாள் என்று அரை மணி நேரம் அளந்துவிட்டுத்தான் போவார்கள். அதில் பாதி புருடா. மீதிப் பாதி நிஜம். ஒரு ஆள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள அந்தப் பாதி தாராளமாகப் போதும்.

அவளுக்கு நாற்பது வயது. அப்பா சவரிநாதன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். கணவன் ஜோ ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலையில் இருக்கிறான். கல்யாணமான புதிதில் விம்கோ நகரில் ஒரு கேட், கிரில் பட்டறைக்கு ரெட் ஆக்சைடு பெயிண்ட் பூசப் போனாள் ஃப்ளோரா. ஒரு வாரம் வெல்டர் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டான். முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, இவள் பாட்டுக்கு வெல்டிங் ஹோல்டரை எடுத்து இரண்டு சட்டத்தை ஒட்டிக் காட்டினாள். முதலாளி சுத்தியலால் அடித்துப் பார்த்தார். சட்டம்தான் வளைந்தது, ஒட்டு பிரியவில்லை. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட அக்கம்பக்கத்துக்கு அவள் வாயால் பதில் சொன்னதே கிடையாது. கேட்டவர்களில் மூன்று பேர் வீட்டுக்கு அவள்தான் கேட் செய்து மாட்டினாள்.

அங்கிருந்து, எண்ணூர் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ஒரு தனியார் கப்பல் பட்டறைக்குப் போனாள். முதலில் மீன்பிடிப் படகு, பிறகு இழுவைக் கப்பல். நான்கு வருஷம் கழித்துப் போர்க்கப்பல் இரும்பில் வெல்டிங் அடிப்பதற்கான பரீட்சை எழுதினாள். எழுதினாள் என்பது பேச்சுக்கு. தலைக்கு மேலே, பக்கவாட்டில், படுத்துக்கொண்டு என்று நான்கு விதமாகத் தகடுகளை ஒட்டிக் காட்ட வேண்டும். பதினேழு ஆண்கள் போனார்கள். இவள் ஒருத்தி போனாள். ஐந்து பேருக்குத்தான் அட்டை கிடைத்தது, அதில் ஒன்று ஃப்ளோராவுடையது. அந்த அட்டை இல்லாமல் கடற்படைக் கப்பலின் முக்கியமான இணைப்பு எதிலும் கை வைக்க முடியாது.

போன வருஷம் அந்தக் கப்பல் வந்தது. முப்பது வருஷம் கடலில் ஓடிய சின்னப் போர்க்கப்பல். இடுப்பு பலமாக இருந்தது, ஆயுதங்கள்தான் பழசாகிவிட்டன. பழைய ஏவுகணைப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, புதிய ஏவுகணைகளை ஏற்றிப் புது ரேடார், புது வயரிங் எல்லாம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். புதிய பெட்டிகள் உட்காருவதற்கு மேல்தளத்தில் கனமான இரும்புப் பீடம் ஒன்று ஒட்ட வேண்டும். ஏவுகணை கிளம்பும்போது அது பின்னால் உதைக்கிற உதையெல்லாம் அந்தப் பீடத்தின் தலையில்தான் விழும். அந்தப் பீடத்தை ஒட்டும் வேலையை ஃப்ளோராவிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அடக்கமாவது ஒன்றாவது!

ஐந்து நாள் ஒட்டினாள். இரும்பைச் சூடுபடுத்தி, அடுக்கு மேல் அடுக்காக, வெயிலில் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் குனிந்த தலை நிமிராமல். முடிந்து இரண்டு நாள் ஆறவிட்டு, ஒலிக் கருவியை வைத்துச் சோதித்தார்கள். சோதனை அதிகாரி சௌக்கத் அலி அவ்வளவு லேசில் யாரையும் பாராட்டுகிற ஆள் இல்லை. அவரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லா கீதும்மா" என்றார்.

மறுநாள்தான் வந்தது வினை.

மதியம் ஃப்ளோராவும் ஃபிட்டர் டில்லிபாபுவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டில்லிபாபு அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவர், தகடுகளைப் பொருத்திப் பிடித்துக் கொடுப்பவர். ஏழு வருஷமாக இருவரும் ஜோடியாகத்தான் வேலை செய்கிறார்கள். ஃப்ளோரா டப்பாவைத் திறந்து, சோறு ஆறி விறைத்துவிட்டது என்று சலித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு மாதிரியே சூடு பண்ணி வச்சிருப்பேன் மா. இன்னிக்கு மறந்துட்டேன்" என்றார் டில்லிபாபு.

"என்னிக்கு?"

"வெள்ளிக்கெழம. நீ சேஃப்டி மீட்டிங்குக்குக் கீழ போயிருந்தல்ல. உன் ஓவன்ல வச்சேன். வஞ்சரம் கொழம்பு சுடச்சுட இருந்துச்சே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. வெயிலில் டப்பா தானாகவே சூடாகியிருக்கிறது என்று நினைத்துத்தான் அன்றைக்கு ரசித்துத் தின்றாள். இப்போது கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

ஓவன் என்றால் சமையலறை ஓவன் இல்லை. வெல்டிங் ராடுகளைச் சூடாகவும் ஈரம் இல்லாமலும் வைத்திருக்கும் இரும்புப் பெட்டி. கேட், கிரில் பட்டறைகளில் அப்படி எந்தக் கெடுபிடியும் கிடையாது. திருவொற்றியூர் முழுக்க ராடு பெட்டியில்தான் மதியச் சோறு சூடாகும். ஃப்ளோராவே விம்கோ நகரில் பத்து வருஷம் அப்படித்தான் சாப்பிட்டாள். ஜன்னல் கம்பிக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. ஆனால் போர்க்கப்பல் இரும்பு வேறு சாதி. ராடில் துளி ஈரம் ஏறினாலும், ஒட்டிய இடம் அன்றைக்கு நன்றாக இருக்கும், நாள் கழித்து உள்ளுக்குள் மயிரிழையாக வெடிக்கும். அதற்காகத்தான் ஓவனில் உணவு வைக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டியிருந்தார்கள்.

"போர்டு மாட்டிக்கிதே, பாக்கல நீ?"

"பாத்தேன். ராடுல கீற மருந்து சோத்துல பட்டுடும்னு போட்டுகிறாங்கன்னு நெனச்சேன். அத்தொட்டுதான் வாழ எலய நனச்சு டப்பாவ நல்லா சுத்தி வச்சேன்."

பாவி மனுஷன். ஈரம் போதாது என்று இலையை வேறு நனைத்திருக்கிறார். ராடின் மேல் பூசிய மருந்திலிருந்து அவள் சோற்றைக் காப்பாற்றியிருக்கிறார், சோற்றிலிருந்து ராடைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு யாருமே சொல்லித் தரவில்லை. ஃப்ளோராவுக்குத் திட்டவும் வாய் வரவில்லை. ஏழு வருஷத்தில் அவள் பசியை நினைத்து ஒருவர் செய்த காரியம் அது.

விஷயம் புரிந்ததும் டில்லிபாபுவின் முகம் வெளுத்தது. "சொல்லாத மா. கையெழுத்தே ஆயிடுச்சு. மெஷினே ஓகேன்னுட்ச்சு. சொன்னா உன் அட்ட போயிடும், என்ன கேட்டாண்டயே நிக்க வைக்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஓவன் விதியை மீறினால் அட்டை ரத்து. அட்டை போனால் மறுபடி கிரில்தான். தெருவெல்லாம் தம்பட்டம் அடித்த வாயால், பிசகிவிட்டது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரும்புக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் ஜோவிடம் சொன்னாள். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"வெடிச்சிருக்குமா?"

"தெரியாது. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்."

"அப்போ வுடு. எதுக்கு நீயா போயி பேஜாரு பண்ணிக்கிற?"

"அதுக்குக் கீழ ஆளுங்க படுத்துக்கினு இருப்பாங்க ஜோ. உன் தண்டவாளத்துல இப்டி ஒரு டவுட்டு இருந்தா, வண்டிய வுட்டுடுவியா?"

ஜோ டீயைக் கீழே வைத்தான். "சொல்லிடு" என்றான்.

காலையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் ஊர்ந்தது. ஃப்ளோரா ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். பத்தும் சௌக்கத் அலியின் மேஜைக்கு முன்னால் போனதும் பறந்துவிட்டது.

"சார், வெள்ளிக்கெழம மத்தியானம் என் ஓவன்ல சோத்து டப்பா இருந்துச்சு. அப்பாலிக்கா போட்டது எல்லாத்தயும் பிரிச்சுப் பாக்கணும்" என்று போட்டு உடைத்தாள்.

சௌக்கத் அலி கண்ணாடியைக் கழற்றினார். "யாரு வச்சது?"

"ஓவன என் பேர்லதான சார் குடுத்தீங்க. நான்தான் பாத்துக்கினு இருந்திருக்கணும்."

அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. அட்டையை வாங்கி இழுப்பறைக்குள் போட்டார். அரை மணி நேரத்தில் டில்லிபாபு தானாகவே வந்து நின்றார். "வச்சது நான் சார். அந்தம்மாவுக்குத் தெரியாது" என்றார். அவரைக் கப்பலிலிருந்து இறக்கி ஸ்டோருக்கு அனுப்பினார்கள். வேலை போகவில்லை, அதுவே பெரிது.

மேனேஜர் வல்லரசுவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஏவுகணைப் பெட்டிகள் புறப்பட்டுவிட்டன, ராட்சத கிரேன் ஒன்றுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "பாஸான ஜாயின்ட்டப் போய் யாராச்சும் அறுப்பாங்களா? உங்க மனசாட்சிக்கு என் கப்பல்தான் கெடச்சுதா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். ஃப்ளோரா தலையைக் குனியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒட்டியது நான்கு மீட்டர் நீளம். கிரைண்டர் வைத்து ஒவ்வொரு அடுக்காகத் தேய்த்து எடுத்தார்கள். ஒவ்வொரு அடுக்கிலும் சிவப்பு மையைத் தடவித் துடைத்துவிட்டு, அதன் மேல் வெள்ளைப் பொடியை அடித்துப் பார்ப்பார்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்த மை, வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். முதல் நாள் முழுக்க வெள்ளை. இரண்டாம் நாளும் வெள்ளை. கேன்டீனில் ஃப்ளோரா போனால் பேச்சு நின்றது. "ஓவரா சீன் போட்டுச்சு" என்று யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்தது.

அதற்குள் சௌக்கத் அலி அவளை மறுபடி பரீட்சைக்கு உட்கார வைத்தார். விதி அப்படி. புதுத் தகடு, புது ராடு. ஒட்டிய தகட்டை மெஷினில் கொடுத்து லாடமாக வளைத்தார்கள். ஒட்டிய இடத்தில் ஒரு கீறல் விழவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பீடத்தில் இனி அவளை விடுவார்களா என்பது அவருக்கே தெரியாது. ஃப்ளோராவுக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. வெடிப்பு இருக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள், இல்லாவிட்டால் தான் பைத்தியக்காரி ஆகிவிடுவோமே என்றும் பயந்தாள். இரண்டையும் ஒரே ஜெபத்தில் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, பாதி ஆழத்தில், கடைசி அரை மீட்டரில், வெள்ளைப் பொடியின் மேல் மெல்ல ஒரு சிவப்புக் கோடு ஊறியது. விரல் நீளம் இருக்கும். ஒட்டுக்குக் குறுக்கே ஓடியது, அதனால்தான் ஒலிக் கருவிக்குத் தப்பியிருக்கிறது. பக்கத்திலேயே இன்னொன்று. வல்லரசு குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அப்படியே அனுப்பியிருப்போமே" என்று மட்டும் சொன்னார்.

தகவல் போய், கடற்படையிலிருந்து அந்தக் கப்பலின் ஆயுதப் பொறுப்பு அதிகாரியும் வந்து சேர்ந்தார். முப்பது வயதைத் தாண்டாத தமிழர், தூத்துக்குடிப் பக்கம். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார், சௌக்கத் அலியிடம் நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டார். வல்லரசு அவசரமாக முன்னால் வந்தார்.

"கவலப்படாதீங்க சார். வைசாக்லேர்ந்து அனுபவமான வெல்டர கூப்பிட்டிருக்கேன். நாளைக்கு வந்துடுவார். இவங்கள இனிமே இந்த பக்கம் விட மாட்டேன்."

ஃப்ளோரா கூடாரத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அவருக்கு இந்த மாதிரி ஆச்சுன்னா, அவர் வந்து சொல்வாரா?" என்று கேட்டார் அதிகாரி.

வல்லரசு சௌக்கத் அலியைத் திரும்பிப் பார்த்தார்.

"என் அறை இந்த பீடத்துக்கு நேர் கீழ சார். கடல்ல போனா மாசக்கணக்குல அங்கதான் படுக்கணும். எனக்கு நிம்மதியா தூக்கம் வரணும்." அவர் ஃப்ளோராவின் பக்கம் திரும்பினார். "அட்டை வச்சிருக்கீங்களாம்மா?"

"வச்சிருக்கேன் சார்."

"அப்போ நீங்களே போடுங்க."

மூன்று நாள் ஏச்சுக்கும் பேச்சுக்கும் கலங்காத ஃப்ளோராவுக்கு அப்போதுதான் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சட்டென்று ஹெல்மெட்டை முகத்தின் மேல் இறக்கிக்கொண்டாள். இரும்பு இன்னும் சூடாகவே இல்லை, வெல்டிங் பற்றவைக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அங்கிருந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.