துரை கொடுத்த சோபா

மூட்டைப்பூச்சி விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இருந்தும் ஆறவில்லை.

அப்பா கண்டோன்மெண்டில் ஒரு ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா. எனக்கு ஒன்பது வயதானபோது அவருடைய துரை சீமைக்குத் திரும்பினார். போகிறவர் தன் பங்களா சோபாவை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாட்டுவண்டியில் அது ஆஸ்டின் டவுனில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது தெருவே கூடிவிட்டது. சிவப்பு வெல்வெட், வளைந்த கால்கள். கதவு வழியாக நுழைய மாட்டேன் என்றது. கதவைக் கழற்றி வைத்து, நாலு பேர் ஒருக்களித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

முன்னறையில்தான் என் கயிற்றுக் கட்டில் இருந்தது. அதன்மேல் அம்மா எனக்கென்று தைத்த இலவம்பஞ்சு மெத்தை, நீலக் கோடு போட்டது. ஒரு மூலையில் என் பெயரைச் சிவப்பு நூலில் பின்னியிருந்தாள். அந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்த பொருள் அது ஒன்றுதான். சோபா வந்ததும் கட்டிலும் மெத்தையும் சமையலறை ஓரத்துக்குப் போயின. சுவரில் இருந்த இயேசுநாதர் படம்கூட சோபாவுக்கு நேர் மேலே இடம் மாறியது. வெயில் பட்டு வெல்வெட் வெளுத்துவிடுமாம், ஜன்னலுக்குப் பச்சைத் திரை வந்தது. சாய்மானத்துக்கு அம்மா குரோஷாவில் விரிப்பு பின்னினாள். தினமும் காலையில் மெல்லிய துணியால் ஒரே திசையில் தடவித் துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் கை போனால் அப்பாவுக்கு முகம் மாறிவிடும். எண்ணெய்த் தலையோடு யாரும் சாயக் கூடாது. நான் உட்காரவே கூடாது. துடைக்க மட்டும் நான் வேண்டும்.

பத்து நாளில் வீட்டில் எல்லோரும் சொறிய ஆரம்பித்தோம். சுவரிலும் பாயிலும் மூட்டைப்பூச்சி. அதுவரை எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. புதிதாக வீட்டுக்குள் வந்தது என்ன என்று ஒரு குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லும். குழந்தையாகிய நான் சொல்லவும் செய்தேன்.

“தொரை வீட்ல ஏது மூட்டைப்பூச்சி?” என்றார் அப்பா. “வெள்ளைக்காரன் வீடு எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?” அம்மா பக்கம் திரும்பினார். “எல்லாம் இவ பள்ளிக்கூடத்துல இருந்து பையில ஏத்திக்கிட்டு வந்தது. அந்தக் கயித்துக் கட்டிலப் பாரு மொதல்ல.”

கட்டில் கொல்லைக்குப் போயிற்று. அதன் மூட்டுகளில் அம்மா கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள், பிறகு மண்ணெண்ணெய். என் புத்தகப்பையை வெந்நீரில் முக்கினார்கள். மெத்தையை அப்பாவே வெளியே எடுத்துப்போய்க் கொளுத்தினார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் வந்து எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு நூல் கருகுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். சோபாவின் பக்கம் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் போகவில்லை, வெல்வெட் கெட்டுவிடுமாம்!

கடி குறையவில்லை. அதற்குப் பிறகும் என்னைத்தான் முறைத்தார்கள்.

ஒருநாள் துடைக்கும்போது சோபாவின் தையலை விரலால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே குடும்பம் குடும்பமாக இருந்தன. துடைப்பக் குச்சியால் நாலைந்தை நெம்பி ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வைத்துக்கொண்டேன். வீட்டாரிடம் காட்டிப் பயனில்லை, பள்ளிக்கூடத்துப் பூச்சி என்பார்கள். வேறு ஆள் வரட்டும் என்று காத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் கழித்து ஒருவர் மனைவியோடு வந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர், அந்த மாதம்தான் தலைமைக் குமாஸ்தா ஆனவர். அப்பா அவர்களைச் சோபாவில் உட்காரவைத்து, தான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“லண்டன் சாமான் சார். தொரை எனக்குன்னே எடுத்து வச்சாராம்.”

வந்தவர் நெளிந்தார். அவர் மனைவி முந்தானைக்குள் கைவிட்டு இடுப்பைச் சொறிந்தாள். அம்மா கேக் தட்டை நீட்டினாள். துரை சோபா ஆயிற்றே, ஒருவர் வாயிலும் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. குப்பியைக் கொண்டுவந்து வந்தவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“இது சோபாவுல புடிச்சது. என் மெத்தையில ஒண்ணுமே இல்ல!”

அந்த அம்மாள் துள்ளி எழுந்தாள். வந்தவர் குப்பியைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். “தொரை உங்களுக்கு நல்லாத்தான் குடுத்துட்டுப் போயிருக்காரு!”

அவர்கள் வாசலைத் தாண்டியதும் அம்மா என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதுவரை என்னைத் தொட்டு அடிக்காதவள். உண்மையைச் சொன்னதற்கு அடியா என்று நான் கொதித்துப்போனேன். அப்பா விளக்கு ஏற்றுகிற வரை அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்பா காலமான பிறகுதான் அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். பதினேழு வருஷம் அந்தத் துரையிடம் வேலை பார்த்த அப்பாவுக்குத்தான் தலைமைக் குமாஸ்தா வேலை என்று துரையே வாக்குக் கொடுத்திருந்தாராம். புறப்படும் முன்தினம் அதை இன்னொருவருக்கு எழுதிவிட்டு, அப்பாவுக்குச் சோபாவை அனுப்பியிருக்கிறார். என் மெத்தையைக் கொளுத்தியதற்கு அப்பாமேல் இருந்த கோபத்தை அன்றைக்கு அந்தத் துரைமேல் மாற்றினேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அடிவாங்கிய மறுநாள் காலையில் எனக்கு இது எதுவும் தெரியாது. அப்பா தானே கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெல்வெட்டின்மேல் ஊற்றினார். ஜெயித்துவிட்டேன் என்று நான் கைதட்டிக் குதித்தேன். தண்ணீர் தீர்ந்த பிறகும் அவர் கெட்டிலைச் சாய்த்தபடியே நின்றுகொண்டிருந்தார். காலிக் கெட்டிலை எதற்கப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டேன்.